நாக்கில் வைத்த கம்பி

மின்சாரம் இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு மின்சாரம் படிப்பித்தவள் நான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கும் முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் வருவது நின்றுபோனது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் கறுப்பாக ஒரு சுவிச் இருந்தது. இடைவேளையில் பெடியள் அதைத் தட்டித் தட்டி விளையாடுவார்கள். மேலே போட்டாலும் கீழே போட்டாலும் ஒன்றுதான். ஏழாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில், சுவிச்சைப் போட்டால் குமிழ் ஒளிரும் என்று ஒரு பாடம். அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து போய், சுவிச்சைப் போட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவனைப் போய் இருக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரு குமிழைக் கீறினேன்.

நான் மயிலிட்டி. இன்றைக்கு இதை இவ்வளவு லேசாக எழுதிவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் இந்த இரண்டு சொல்லும் என் வாயிலிருந்து ஒருதரமும் வந்ததில்லை. அது வடக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். அந்தக் கரைச் சனமெல்லாம் ஓடியபோது நாங்களும் ஓடினோம். அப்பாவின் வள்ளம் கரையில் கிடந்தபடி கிடக்க, நாங்கள் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில், தெரிந்தவர் ஒருவரின் வளவு மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போயிருந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு அதிபரிடம் போய் நின்றேன். தொண்டர் ஆசிரியை என்று எடுத்துக்கொண்டார். அதாவது நியமனம் கிடையாது, ஆனால் படிப்பிக்கலாம். நல்ல பெயர் எடுத்தால் நியமனத்துக்காகக் கல்விக் கந்தோருக்கு என்னைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார்.

முதல் நாளே ஆசிரியர் அறையில் ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். தெல்லிப்பழைப் பக்கம் என்றேன். இந்த 'பக்கம்' என்கிற சொல் இருக்கிறதே, என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ செய்து வைத்தது. அவர் விடவில்லை. தெல்லிப்பழையில் எந்த இடம், எந்தக் கோயிலடி, யாருடைய மகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்களில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. கேட்பவருக்குத் தேவை ஊர் அல்ல, சாதி. அதைச் சாதி என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், அவ்வளவு மரியாதையான சனம். நான் மழுப்பினேன். மழுப்பிய விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்து ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி வரும். அடுத்த கிழமையில் இருந்து மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸிலும் எனக்கு ஒரு நசுங்கிய எவர்சில்வர் பேணியிலும் வந்தது. கிளாஸ் போதவில்லையாக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டு ஆசிரியர்கள் வரவில்லை. தட்டில் இரண்டு கிளாஸ்கள் சும்மா இருந்தன. எனக்கு அந்தப் பேணிதான் வந்தது. பேணியை முற்றத்தில் வீசிவிட்டு எழும்பிப் போக வேண்டும் போல ஒரு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதில் ஒரு குறையும் இல்லை, கோபம் வந்த பிறகு என்ன செய்கிறேன் என்பதில்தான் குறை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பேணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வகுப்புக்குள் போனால் எனக்கு எல்லாம் மறந்துபோகும். அந்தத் தவணையில் காந்தமும் மின்னும் படிப்பிக்க வேண்டியிருந்தது. ஆய்வுகூடம் என்று எழுதிய அறை ஒன்று இருந்ததுதான். அதற்குள் இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மா சோதனைக் குழாய்களில் மிளகும் சீரகமும் போட்டு வைத்திருந்தார். ஆகவே என் ஆய்வுகூடம் மாமரத்துக்குக் கீழே நடந்தது. பழுதான றேடியோ ஒன்றின் ஸ்பீக்கரை உடைத்து வட்டக் காந்தத்தை எடுத்தேன். பெடியள் அதை நூலில் கட்டி ஒழுங்கை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள். காந்தம் முழுக்கக் கறுப்பு மண் மயிர் முளைத்தது போல ஒட்டியிருந்தது. அதோடு துருப்பிடித்த ஆணிகள், ஒரு சைக்கிள் கம்பி, ஒரு ஷெல் துண்டு. ஷெல் துண்டை எடுத்தவன் அதுவும் இரும்புதானே என்று கேட்டான். ஓம், இரும்புதான் என்றேன்.

பிறகு வகுப்பறைக்குள் வந்து சவர பிளேட்டைக் காந்தத்தில் ஒரே திசையில் தேய்த்து, தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். அது மெல்லத் திரும்பி வடக்கே பார்த்து நின்றது. சிரட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பிளேட் தன் பாட்டுக்கு மறுபடி வடக்கே போனது. பிள்ளைகளுக்கு அது போதவில்லை. மரத்தடியில், கிணற்றடியில், அதிபரின் கதிரைக்குக் கீழே என்று சிரட்டையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். வடக்கே அப்படி என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். கடல் என்றேன். பாடத்தில் சொல்லவேண்டிய விடை அது இல்லை, வாய் தவறி வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் யன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை சட்டென்று தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளையும் மயிலிட்டி. ஊரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரையில் நான் நின்றிருக்கிறேன். வருஷத்து நடுவில் அவளை அந்த வகுப்பில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். முதல் நாள் என்னைக் கண்டதும் அவளுடைய முகம் பூவாய் மலர்ந்தது. எழுந்து ஓடி வரப் போனாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடாப்பில் பெயர் கூப்பிடத் தொடங்கினேன். பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டவே இல்லை. கடலோரப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

என்னிடம் மட்டுமில்லை, ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று நிலத்தைப் பார்ப்பாள். வந்த புதிதில் அவள் சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்குப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சொல், அவர்களுக்குப் புதிது. அன்றோடு அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். அந்தப் பயம் எனக்கும் தெரிந்த பயம்தான். நானும் வீட்டில் ஒரு தமிழும் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழுமாக இரண்டு வாயோடு திரிந்துகொண்டிருந்தேன். மற்ற ஆசிரியர்கள் அவளை ஊமைச்சி என்றார்கள். விடை சொல்லத் தெரியாத பிள்ளையை ஏழாம் ஆண்டில் வைத்திருந்து என்ன பயன், ஒரு வகுப்புக் கீழே இறக்கிவிடுவோம் என்று அதிபர் முடிவெடுத்திருந்தார். தவணை முடியும்வரை பொறுங்கள், நான் அவளைக் கதைக்க வைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவள் கீழ்வகுப்பில் குந்தியிருந்தால் அதோடு பள்ளிக்கூடத்துக்கு வருவதையே விட்டுவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவளோடு வந்த மற்றப் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படித்தான் நின்றுபோனார்கள்.

காந்தம் முடிந்து மின் தொடங்கியது. பற்றறியை அரசாங்கம் குடாநாட்டுக்குள் வரவிடாத காலம் அது. வைத்திருந்தவர்கள் பொன்னைப் போல வைத்திருந்தார்கள். செத்துப்போன பற்றறியை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டு, திரும்பவும் றேடியோவுக்குள் போட்டுச் செய்தி கேட்டார்கள். அதற்கும் மசியாமல் ஒரேயடியாகச் செத்த பற்றறிகள் சிலவற்றை நான் சேர்த்து, அவற்றின் வெளித்தகட்டை வெட்டி எடுத்தேன். அது நாகம், அதாவது துத்தநாகம். உடைந்த வீடொன்றில் தொங்கிய மின் வயரை உரித்துச் செம்புக் கம்பி எடுத்தோம். ஒரு பிள்ளையின் வீட்டில் இருந்து கள்ளைப் புளிக்கவைத்துச் செய்த வினாகிரி வந்தது. மூன்று சிரட்டைகளில் வினாகிரியை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நாகமும் ஒரு பக்கம் செம்புமாக வைத்து, ஒன்றோடு ஒன்றைத் தொடுத்தேன். சிரட்டைப் பற்றறி தயார்.

அதில் மின் ஓடுகிறது என்று எப்படிக் காட்டுவது? குமிழ் எரிக்க அந்தப் பற்றறிக்குச் சத்துப் போதாது. மின்னை அளக்கும் மீற்றர் பள்ளிக்கூடத்தில் இல்லை. மிஞ்சியது நாக்கு. அப்பா பற்றறியின் உயிரை அப்படித்தான் பார்ப்பார், கம்பி நுனியை நாக்கில் வைத்து. நான் இரண்டு கம்பி நுனிகளையும் என் நுனி நாக்கில் வைத்தேன். முதலில் ஒரு புளிப்பு, பிறகு சுரீர் என்று ஒரு கடி. கண்ணை மூடித் திறந்தேன். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வாங்குப் பிள்ளையிடம் கம்பியைக் கொடுத்தேன். அது வைத்துப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தது. பிறகு கம்பி வாங்கு வாங்காகப் போனது. நாகத் தகடு கொஞ்சம்தான் இருந்தது, ஆகவே எல்லோருக்கும் ஒரே சிரட்டைகள், ஒரே கம்பி. கொஞ்ச நேரத்தில் சத்துக் குறைந்துவிடும். தகட்டை மண்ணால் தேய்த்துக் கழுவி வைத்து, சரியா என்று என் நாக்கில் பார்த்து, விட்ட இடத்தில் இருந்து தொடர்வேன். பெடியள் என் நாக்குக்கு மீற்றர் என்று பெயர் வைத்தார்கள். மீற்றர் இப்ப என்ன காட்டுது என்று கேட்பார்கள். நான் நாக்கை நீட்டிக் காட்டுவேன். ஒரு ஆசிரியை செய்கிற வேலையா அது. ஆனால் அவ்வளவு சந்தோசமாக நான் அந்த ஊரில் வேறெந்த இடத்திலும் இருந்ததில்லை.

யன்னலோரப் பிள்ளையின் முறை வந்தது. வைக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் கம்பியை வாங்கி, நாக்கை நீட்டி, வைத்துவிட்டாள்.

"ஐயோ, கடிக்குது," என்றாள். பிறகு அவளுக்கே அடக்க முடியாமல் வந்தது. "சொறி மீன் முட்டின மாதிரிக் கிடக்கு."

வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை சொறி மீன் என்றால் என்ன என்று கேட்டாள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, கடலில் கால் நனைத்தவளாக இருக்கமாட்டாள். எங்கள் பிள்ளை சொல்லத் தொடங்கினாள். கண்ணாடி மாதிரி இருக்கும், எலும்பு கிடையாது, குடை மாதிரி விரிந்து சுருங்கும், மேலில் பட்டால் நெருப்பாக எரியும், அவளுடைய அப்பாவுக்கு ஒருதரம் முதுகு முழுக்கப் பட்டு வீங்கிப்போனது. மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள், எங்கள் பக்கத்துச் சொற்களிலேயே. ஒருவரும் சிரிக்கவில்லை. வராந்தாவில் போன அதிபர் நின்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவளைக் கீழ்வகுப்புக்கு இறக்கும் கதை அன்றோடு முடிந்தது. பக்கத்துப் பிள்ளை அவளோடு தோளில் கை போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போவதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்துப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டு வந்திருந்தார். வராந்தாவில் நின்றபடி பாடத்தைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னார். மகள் வீட்டுக்கு வந்தால் காந்தம், கம்பி என்றுதான் கதையாம், முன்பெல்லாம் புத்தகத்தைத் தொடாத பிள்ளையாம். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு குரலைத் தணித்தார்.

"பிழையா நினையாதேங்கோ ரீச்சர். அந்தக் கம்பியை நீங்கள் வாயிலை வைச்சுப்போட்டுத்தான் பிள்ளையளிட்டைக் குடுக்கிறியளாம்."

எச்சிலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது நியாயமான கதை. சுகாதாரம் என்று பார்த்தால் நான் செய்தது சுத்தப் பிழை, ஒரே கம்பியை ஒரு வகுப்பு முழுக்க வாயில் வைப்பதைக் கண்டால் எந்தத் தாதியும் என்னை நிற்கவைத்துப் பேசியிருப்பார். ஆகவே, ஓம் அம்மா, இனிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கழுவிக் கழுவி வைக்கச் செய்கிறேன் என்றேன்.

"ஐயோ, பிள்ளையள் தங்களுக்கை வைக்கிறதைப் பற்றி ஒண்டுமில்லை ரீச்சர். அதுகள் குழந்தையள். மாங்காயைக் கடிச்சுக் கடிச்சுத்தானே தின்னுதுகள். நீங்கள் வைக்கிறதைத்தான் சொன்னனான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அல்லது விளங்க விருப்பமில்லை. இடம்பெயர்ந்த சனத்திடம் செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை இருக்கிறது என்று பயப்படுகிறாரோ என்று எண்ணி, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, நான் முகாமிலும் இல்லை என்று சொன்னேன். இப்படி நான் அவருக்கு என் உடம்பைப் பற்றிக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தெரியும் ரீச்சர். எங்கை இருக்கிறியள், முந்தி எங்கை இருந்தனீங்கள் எண்டு எல்லாம் தெரியும். உங்களிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டிலை மாமி ஆக்கள் பழைய ஆக்கள் பாருங்கோ."

அவர் பேச்சில் ஒரு சொல்லும் குத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். முருங்கைக்காய்க் கட்டை என் கையில் வைத்துவிட்டு, மகளைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். நான் நன்றி சொன்னேன். ஓம், சொன்னேன்.

அதிபருக்கு அவர் முன்னமே சொல்லியிருந்தார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, தன் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கிக்கொண்டே கதைத்தார். கெட்ட மனிசன் இல்லை. ஒருவரோடும் பகைக்கத் தெரியாத மனிசன், அவ்வளவுதான். சின்ன விசயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்றார், என் சிபாரிசை இந்த மாதம் அனுப்பப் போவதாகவும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தக் காலத்தில் நான் அதிகம் செய்த வேலை தலையாட்டுவதுதான்.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். எல்லோருக்கும் இருக்கிற மாதிரி ஒரு நாக்கு. உமிக்கரி போட்டுப் பல் விளக்கினேன், அன்றைக்குக் காலையில் ஒருதரம் விளக்கியிருந்தும். வாயைக் கொப்பளிக்கக் கொப்பளிக்க, நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே வெட்கமாக வந்தது. ஆனாலும் கொப்பளிப்பதை நிறுத்தவில்லை. அம்மா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். தலையிடி என்றேன். அன்று இரவு அந்த முருங்கைக்காயில்தான் குழம்பு. நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். குழம்பு நல்ல ருசி.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அழமாட்டார், அந்த வீட்டுப் படலைக்கே போய் நின்று ஊரைக் கூட்டியிருப்பார். கடலில் போன மனிசனுக்காகக் காத்திருந்து பழகிய பெண்களுக்கு வாய் பயப்படாது. நான் படித்தவள். எனக்குச் சிபாரிசு வேண்டியிருந்தது. பாடத்தையே நிறுத்திவிடுவோமோ என்றும் யோசித்தேன். மற்ற ஆசிரியர்களைப் போலக் கரும்பலகையில் கீறிவிட்டுப் போகலாம். ஆனால் சொறி மீன் கதை சொன்ன வாய் மறுபடி மூடிவிடும் என்று பயமாக இருந்தது. இப்படி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஒருவருக்கும் நோகாத ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். என்னைத் தவிர ஒருவருக்கும் நோகாது என்றுதான் நினைத்தேன். அந்தக் கெட்டித்தனத்தை எண்ணி அன்று ஒரு திருப்திகூட இருந்தது.

அடுத்த விஞ்ஞான பாடத்துக்கு ஒரு வெள்ளை லேஞ்சித் துணியைக் கழுவி மடித்துக் கொண்டுபோனேன். ஒரு சிரட்டை வைத்தால் எவ்வளவு கடி, இரண்டு வைத்தால் எவ்வளவு, மூன்றுக்கு எவ்வளவு என்று நாக்கால் அறிவதுதான் அன்றைய செயற்பாடு. முதலில் நான் வைத்துப் பார்த்தேன். பிறகு லேஞ்சியை எடுத்து, கம்பியின் இரண்டு நுனிகளையும் நன்றாகத் துடைத்துவிட்டு முன்வாங்குப் பிள்ளையிடம் கொடுத்தேன். ஏன் துடைக்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். மீற்றரின் ஈரம் இருந்தால் அளவு பிழையாகிவிடும் என்றேன். அது பச்சைப் பொய். ஈரம் இல்லாவிட்டால்தான் நாக்கில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் நம்பினார்கள், நான் சொன்னால் நம்புவார்கள். ஒவ்வொரு சிரட்டை கூட்டும்போதும் நான் வைத்தேன், துடைத்தேன், கொடுத்தேன். பிள்ளைகள் தங்களுக்குள் முன்போலவே துடைக்காமல் கைமாற்றினார்கள். துடைப்பது ரீச்சருடைய வேலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

கம்பி யன்னலோரம் போனது. இப்போது அவள் பழைய பிள்ளை இல்லை. முறை வருமுன்பே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நாக்கில் வைத்து, கண்ணை இறுக்கிச் சுருக்கி, இன்றைக்கு இன்னும் கூடக் கடிக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் அதைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். பக்கத்துப் பிள்ளை, முருங்கைக்காய் கொண்டுவந்த அம்மாவின் மகள், கம்பிக்குக் கை நீட்டினாள். எங்கள் பிள்ளை கொடுக்கவில்லை. தன் வெள்ளைச் சட்டையின் கீழ்க்கரையைத் தூக்கி, கம்பியின் ஒரு நுனியைத் துடைத்தாள். பிறகு மற்ற நுனியைத் துடைத்தாள். நான் துடைத்தது போலவே, அதே நிதானத்தோடு. கடைசியில் ஒருதரம் ஊதியும் விட்டாள்.

"ஏன் நீ துடைக்கிறாய்? ரீச்சர்தானே துடைக்கிறவா," என்றாள் பக்கத்துப் பிள்ளை.

"நானும் ரீச்சரும் ஒரே ஊர்," என்றாள் அவள். "நாங்கள் வைச்சால் துடைச்சுப்போட்டுத்தான் மற்ற ஆக்களிட்டைக் குடுக்கவேணும்."

அவள் குரலில் கவலையே இல்லை. செம்பை இந்தப் பக்கம் வைக்க வேண்டும், நாகத்தை அந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். இன்னும் உண்மையைச் சொன்னால், அதில் ஒரு பெருமை இருந்தது. ரீச்சருடைய ஊர் தன்னுடைய ஊர் என்று அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறாள். வகுப்பில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. இத்தனை மாதமும் ஒளித்துக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான்.

என் கையில் லேஞ்சி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியில்லை பிள்ளை, நீ துடைக்கத் தேவையில்லை என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால், பிறகு நீங்கள் ஏன் துடைத்தீர்கள் என்று அவள் கேட்பாள். கேட்கிற பிள்ளையாக அவளை ஆக்கியதே நான்தான். அந்தக் கேள்விக்கு அந்த வகுப்பின் நடுவில், பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உண்மையைச் சொல்ல முடியாது. ஈரம், அளவு என்று மறுபடியும் பொய் சொல்லவும் முடியாது. அவள் அதை நம்பவே இல்லை. நான் செய்ததைப் பார்த்து, அதன் உண்மையான காரணத்தை ஒரு சொல்லும் கேட்காமல் சரியாகப் படித்துக்கொண்டாள். புத்தகத்தில் இருந்த எதையும் நான் அவளுக்கு இவ்வளவு திறமாகப் படிப்பிக்கவில்லை.

பக்கத்துப் பிள்ளை கையை நீட்டியபடியே இருந்தாள். எங்கள் பிள்ளை உடனே கொடுக்காமல், இரண்டு நுனிகளையும் என் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"சரியோ ரீச்சர்? வடிவாத் துடைச்சிட்டனோ?"

பாடத்தில் பிழை விட்டால் உடனே திருத்துகிறவள் நான். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம், சரி," என்றேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லிவிட்ட பிள்ளையின் முகத்தோடு, அவள் கம்பியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள்.